மூன்றாவது குறுந்தட்டும் பதினான்கு நகல்களும்

என் மடிக்கணினி ஆமையாக ஊர்ந்ததற்கு ஆயுதபூசையன்று என் மனைவி அதற்கு வைத்த சந்தனப் பொட்டுதான் காரணம் என்று முடிவுகட்டி, அவளோடு பதினொரு நாள் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். வீட்டில் மூன்று அலமாரி புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் ஓர் அலமாரித் தட்டு முழுக்கத் தர்க்கம், தத்துவம், அறிவியல் வரலாறு. இவ்வளவையும் படித்தவன் கடைசியில் வந்து நின்ற இடம் சந்தனப் பொட்டு.

என் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவள் பொட்டோடு விடவில்லை. மடிக்கணினியின் பக்கவாட்டில் காற்று போக வர இருக்கும் துளைகளின் மேலேயே மூன்று விரல் விபூதி பூசியிருந்தாள். மறுநாள் காலை கணினியைத் திறந்தேன். திரை வந்தது. அம்புக்குறி வட்டமாக மாறிச் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. நான் போய்த் தேத்தண்ணீர் கலக்கி, குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோதும் சுழன்றுகொண்டிருந்தது.

"விபூதி உள்ள போயிருச்சு," என்றேன். "மூச்சு அடைக்குது அதுக்கு."

"பொட்டு வச்சா வாசல்ல நிக்கிற காடி ஓடுது, மோட்டார் ஓடுது, என் தையல் மிஷின் ஓடுது. உங்க லேப்டாப்புக்கு மட்டும் சாமி ஆகாதா?"

"அது எலக்ட்ரானிக். காத்து வாங்கணும்."

"காடிக்குக் காத்து வேணாமா?"

இதற்குப் பதில் என்னிடம் இல்லை. பதில் இல்லாதபோது மௌனம் சாதிப்பது அறிவாளிகளின் வழக்கம். பதினொரு நாள் அப்படித்தான் தொடங்கியது.

சாதாரண நாளாக இருந்திருந்தால் கணினி மெதுவாக ஓடுகிறதே என்று இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். நான் செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அங்குள்ள கணினி இதைவிட மெதுவாக ஓடும். நானும் அதற்கேற்பத்தான் ஓடுவேன். ஆனால் இந்த முறை ஒரு கல்யாணம் காத்திருந்தது.

ஜித்ராவில் இருக்கும் என் அக்காவின் ஒரே மகளுக்குத் தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பத்திரிகை வைக்க அக்காவும் மகளும் கூலிமில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் தாய்மாமன். தட்டு வரிசை, மாலை, பட்டு என்று என் மனைவியும் அக்காவும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கல்யாண வீடியோ இன்னும் இருக்கா?"

"ஏன்?"

"அதுல அப்பா பேசுவாராம்ல. அம்மா சொன்னாங்க."

அக்காவின் கணவர், என் மச்சான், என் கல்யாணத்துக்கு அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். அப்போது இவளுக்கு நான்கு வயது. அவருடைய படங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோலவே நிற்பார். ஆனால் குரல் எங்கும் இல்லை. அந்தக் காலத்துத் தொலைபேசியில் பேசினால் பேசியதோடு சரி.

"முகம் தெரியும் மாமா. குரல் எப்படி இருக்கும்னு எவ்வளவு யோசிச்சாலும் வரல. கல்யாணத்தன்னிக்கு ஒருவாட்டி கேட்டா போதும்."

அக்கா இடையில் புகுந்தாள். "பந்தியில கேமராக்காரன் அவருகிட்ட மைக்க நீட்டினான்டா. என்னமோ சொன்னாரு, சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் உள்ள இருந்தேன். என்னா சொன்னீங்கன்னு கேட்டா, ஒன்னுமில்லன்னுட்டாரு."

"விடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன். பிறகு கூடுதலாக, யாரும் கேட்காமலே, "தாய்மாமன் சீர்ல இதுதான் முதல் தட்டு," என்றும் சொன்னேன். மருமகள் கண் கலங்கினாள். என் மனைவி மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். என்னோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள்.

எங்கள் கல்யாணம் அந்தக் கால வழக்கப்படி மூன்று குறுந்தட்டுகளில் வந்தது. முதல் தட்டில் தாலி கட்டுவது, இரண்டாவதில் குடும்பப் படங்கள், மூன்றாவது முழுக்கச் சாப்பாடு. எந்தத் தம்பதியும் மூன்றாவது தட்டைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. நாங்களும் பார்க்கவில்லை. பிற்பாடு தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ பயமுறுத்த, அவற்றைக் கணினிக்கு ஏற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். இடம் பற்றவில்லை, அளவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று எங்கிருந்தோ இறக்கிய ஒரு மென்பொருளால் மூன்றையும் சுருக்கினேன். சுருக்கியபின் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தட்டுகளைத் தூக்கிப் போட மட்டும் மறக்கவில்லை.

அக்காவும் மருமகளும் பேருந்து ஏறியதும் மூன்றாவது கோப்பைத் திறந்தேன். படம் வந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு பந்திக்குப் பந்தி பாய்ந்தார். கேமரா அவரை நெருங்கியது. மைக் நீண்டது. மச்சான் சிரித்தார், வாயைத் திறந்தார், பேசினார். சத்தம் இல்லை. மீன்தொட்டி மீனைப் போல வாயசைத்துவிட்டு வாளியோடு போய்விட்டார்.

இணையத்தில் தேடியபோது கோடெக் இல்லை என்றார்கள். கோடெக் என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். கடையில் தேத்தண்ணீரைப் பொட்டலம் கட்டி வாங்குகிறோம் அல்லவா? பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ராஃபியா கயிற்றில் ஒரு சுருக்குப் போட்டுத் தருவார்கள். கடைக்குக் கடை சுருக்கு வேறு. அந்தச் சுருக்கு தெரிந்தவன் ஒரு நுனியை இழுத்தால் அவிழும். தெரியாதவன் இழுத்தால் சட்டையெல்லாம் தேத்தண்ணீர். வீடியோவும் அப்படித்தான், படம் ஒரு சுருக்கு, சத்தம் ஒரு சுருக்கு. அவிழ்க்கத் தெரிந்த கை கணினிக்குள் இருக்க வேண்டும். அந்தக் கைதான் கோடெக். என் கணினிக்குப் படத்தின் சுருக்கு தெரியும், சத்தத்தின் சுருக்கு தெரியாது. விஷயம் இவ்வளவுதான்.

எனக்கு அன்று இவ்வளவும் தெரியாது. கோடெக் இல்லை என்றால் கோடெக் வாங்கிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். ஒன்று ஒன்றாக விற்பதில்லையாம், மூட்டையாகத்தான் இலவசமாகத் தந்தார்கள். முதல் மூட்டையை இறக்கினேன். சத்தம் வந்தது, ஆனால் பின்னோக்கிச் சுழலும் ஒலிநாடாவிலிருந்து வருவதுபோல வந்தது. இரண்டாவது மூட்டைக்குப் படம் தலைகீழாகிவிட்டது. மச்சான் கூரையிலிருந்து தொங்கியபடி சாம்பார் ஊற்றினார். சாம்பார் மேல்நோக்கிப் போய் இலையில் சரியாக விழுந்தது. ஒரு கணம் நானே பிரமித்துவிட்டேன். மூன்றாவது மூட்டையில் எல்லாரும் நேராக நின்றார்கள், பச்சையாக. முருங்கைக்கீரைப் பச்சை. என் மாமனார் பாயசத்தோடு பச்சையாகச் சிரித்தார்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அசல் கெட்டுவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. நகல்கள் கண்முன்னால் இருந்தால் வசதி என்று எல்லாவற்றையும் கணினியின் முகப்புத் திரையிலேயே வைத்தேன். அவற்றின் பெயர்கள்: கல்யாணம்-3. கல்யாணம்-3-சத்தம். கல்யாணம்-3-சத்தம்-சரி. கல்யாணம்-3-சத்தம்-சரியில்லை. இதுதான். இதுவும்தான். பச்சை. பச்சை-குறைவு. இப்படிப் பதினான்கு. ஆயுதபூசையன்று மாலை நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மூட்டைகளை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி கூப்பிடவும் மூடிவைத்தேன். அவள் பொட்டு வைத்தாள். மறுநாள் கணினி படுத்துவிட்டது.

அடுத்தடுத்த பதினொரு நாளும் நான் பொட்டுக்கு வைத்தியம் பார்த்தேன். பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் துளைகளைத் தேய்த்தேன். நான்கு காலிப் பால் டின்களின் மேல் கணினியை உயர்த்திவைத்து மேசை விசிறியைத் திருப்பிவிட்டேன். என் மனைவி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "அதுக்கு மட்டும் காத்து, சமைக்கிறவளுக்குக் கிடையாது," என்று சுவரிடம் சொல்லிக்கொண்டு போனாள். தீபாவளி நெருங்கியது. மருமகள் கைப்பேசியில் செய்தி அனுப்பினாள்: "அப்பா ரெடியா மாமா?" நான் கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் என் மனைவி என்னைக் கேட்காமல் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். இயந்திரம் நின்றால் ஓடவைப்பது வேலை. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவளை வாசலிலேயே மடக்கியிருக்கிறாள் என் மனைவி. அந்தப் பெண் கழுத்தில் வேலை அட்டை தொங்கியபடியே வந்து, பால் டின்களையும் விசிறியையும் ஒரு நோட்டம் விட்டாள்.

"என்னா ரோசாக் அண்ணே? எது கெட்டுப்போச்சு?"

"வெரி ஸ்லோ. பொட்டு வச்சதுலேருந்து."

"பொட்டா?" அவள் என் மனைவியைப் பார்த்தாள். "எங்க லைன்ல ரோபோ கைக்கே பொட்டு வச்சிருக்கோம்கா. சூப்பர்வைசர் பாக்காத பக்கமா. ஜம்முனு ஓடுது லா."

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க உட்காரும் தோரணை அது.

"சரி, முந்தின நாளு என்னா மாத்துனீங்க?"

"ஒன்னும் மாத்தல."

"லைன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கொஞ்சம் யோசிங்க."

யோசித்தேன். ஒரு மூட்டை என்றேன். அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்று என்றேன். அவள் தானே கணினியில் பட்டியலைத் திறந்து எண்ணினாள். ஆறு. அந்த ஆறும் ஒரே வேலையைச் செய்ய வந்து, ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன.

"அண்ணே, ஒரு மிஷின் நின்னா ஒரு பார்ட்ட மாத்தணும், ஓட்டிப் பாக்கணும். சரி வரலன்னா பழசையே மாட்டிட்டு அடுத்தது. நீங்க ஆறையும் ஒன்னா மாட்டிட்டீங்க. எது கச்சாவ் பண்ணி எல்லாத்தையும் கெடுக்குதுன்னு சாமிக்குக்கூடத் தெரியாது."

அடுத்து, கணினியில் யார் அதிகம் தின்கிறார்கள் என்று காட்டும் ஒரு பக்கத்தைத் திறந்தாள். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. மற்ற நிரல்களெல்லாம் ஓரமாக ஆளுக்கொரு அப்பளத்தோடு உட்கார்ந்திருக்க, ஒன்று மட்டும் பந்தியையே தன் பக்கம் இழுத்துவைத்துக் கொண்டிருந்தது. வீடியோக் கோப்புகளுக்குச் சின்னப் படம் வரைந்து முகப்பில் காட்டும் நிரல் அது. கணினி எழுந்ததும் அது என் பதினான்கு நகல்களையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சின்னப் படம் எடுக்க முயன்றிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆறு கோடெக் மூட்டைகளும் நான் அவிழ்க்கிறேன், நீ விடு என்று பாய்ந்திருக்கின்றன. எதுவும் அவிழவில்லை. நிரலும் விடவில்லை. திரும்பவும் முதல் கோப்பிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. பதினொரு நாளாக.

அவள் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து என்னவோ தட்டி, பதினான்கையும் முகப்பிலிருந்து வெளி வட்டுக்குத் தூக்கினாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள்.

திரை வந்தது. அம்புக்குறி அம்புக்குறியாகவே இருந்தது. எதைத் தொட்டாலும் சட்டென்று திறந்தது. நான் துளைகளில் மிச்சமிருந்த விபூதியைப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது.

"விபூதி உள்ள போயிருச்சுன்னு சொன்னீங்க," என்றாள் மனைவி, அமைதியாக. பன்னிரண்டு நாளில் எனக்கென்று அவள் சொன்ன முதல் வாக்கியம்.

"சாரி," என்றேன்.

"சுவத்தப் பாத்து சொல்லுங்க. நான் அதுகிட்டத்தானே பேசிக்கிட்டு இருந்தேன்."

எதிர் வீட்டுப் பெண் ஆறு மூட்டைகளையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். பிறகு தன் பென்டிரைவிலிருந்து ஒரே ஒரு பிளேயரை ஏற்றினாள். எல்லாச் சுருக்குகளையும் தானே அவிழ்க்கத் தெரிந்த பிளேயராம், இலவசம்தான். அசல் கோப்பை அதில் போட்டாள். படம் நேராக, மனித நிறத்தில் வந்தது. கூடவே சத்தம். வாளிச் சத்தம், நாதஸ்வரம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, "இங்க அப்பளம்!" என்ற கூச்சல். இருபத்திரண்டு வருடம் கழித்து என் கல்யாணம் எனக்குக் கேட்டது. மச்சான் வாளியோடு திரையின் ஓரத்தில் தெரிந்தார். நான் முன்னால் குனிந்தேன்.

என் மனைவி கையை நீட்டி நிறுத்தினாள்.

"போதும். மகதான் மொதல்ல கேக்கணும். நாம கேட்டுட்டு அப்புறம் அதுக்குக் குடுத்தா எச்சில் பண்டம் மாதிரி."

"ஆனா டெஸ்ட் பண்ணணுமே..."

"சத்தம் வருதில்ல? அதுதான் டெஸ்ட்."

சண்டை முடிந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் வாதாடும் நிலையில் இல்லை. அந்தப் பெண் கோப்பை எல்லாத் தொலைக்காட்சிகளும் படிக்கிற சாதாரண வடிவத்துக்கு ஒரே ஒருமுறை மாற்றி, பென்டிரைவில் போட்டு, "காப்பி எடுக்காதீங்க அண்ணே, ஒன்னே போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்னும் பின்னும் ஒரு நிமிடம் மட்டும் எங்கள் தொலைக்காட்சியில் ஓடவிட்டுச் சரிபார்த்தேன். நடுப்பகுதியைத் தொடவில்லை.

கல்யாணம் ஜித்ராவில் ஒரு டேவான் மண்டபத்தில். அலோர் ஸ்டார் தாண்டும் வரை நான் சட்டைப் பையிலிருந்த பென்டிரைவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. தட்டு வரிசையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. பந்திக்கு ஆட்கள் நகர்வதற்குள் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தேன். தாய்மாமன் என்ற முறையில் சிறு முன்னுரை. தொழில்நுட்பம் என்பது காலத்தைத் தாண்டும் பாலம் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். பல கோளாறுகளைக் களைந்து இந்தக் காட்சியை மீட்டதாகவும் சொன்னேன். யார் களைந்தது என்று சொல்லவில்லை. மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய திரையில் மச்சான் வந்தார். வாளி, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. கேமரா நெருங்கியது. மைக் நீண்டது. "மாப்பிள்ளைக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்கண்ணே," என்றது கேமராக்காரரின் குரல். மருமகள் மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"என்னாத்த சொல்றது?" என்றார் மச்சான். கொஞ்சம் கரகரப்பான, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "நல்ல பையன். நெறைய படிச்சவன். ஆனா ஒரு பல்ப் மாத்தச் சொன்னோம்னா வீட்டையே கழட்டிப் போட்டுட்டு, பல்ப் கடைக்காரன்மேல பழியப் போடுவான். தங்கச்சிதான் பாவம், பொறுத்துப் போவணும்." பிறகு கேமராவைத் தாண்டிப் பார்த்து, "ஏய், அந்தக் கடைசிப் பந்திக்கு சாம்பாரே போகல பாரு!" என்று கத்தியபடி ஓடிவிட்டார்.

ஐந்நூறு பேர் சிரித்தார்கள். நான் கையில் மைக்கோடு நின்றேன். மைக் இருக்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் மனிதன் மைக்கைத்தான் பார்ப்பான். நானும் பார்த்தேன்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்மை கரைய அழுதாள். அலங்காரம் செய்த பெண் திசுத்தாளோடு ஓடிவந்தாள். அக்கா எழவில்லை. "கடைசிப் பந்திக்குப் போகலன்னா அவருக்கு ஆகாது," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மாமா," என்றாள் மருமகள் மேடையிலிருந்து. "இன்னொருவாட்டி."

தாய்மாமன் மறுக்க முடியுமா? போட்டேன். அவள் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கூடவே சொல்லிப் பார்க்கிறாள் போலிருந்தது. மூன்றாவது முறையும் கேட்டாள். அதற்குள் இளவட்டங்களுக்கு வசனம் மனப்பாடமாகிவிட்டது. "வீட்டையே கழட்டிப் போட்டுட்டு" என்ற இடத்தில் பின்வரிசையே சேர்ந்து சொன்னது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் யார் என்று அதுவரை சரியாகத் தெரியாது. அதன்பின் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து வரும்போது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் மாமா. எனக்குப் போதும்," என்றாள். அவள் குரலிலும் அந்தக் கரகரப்பு கொஞ்சம் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

கூலிமுக்குத் திரும்பும் வழியில் நான் காடியை ஓட்டினேன். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் பேசவில்லை. மறுபடியும் பேசாவிரதமோ என்று பயந்து, "எப்படியோ நல்லா நடந்துச்சு," என்று தொடங்கிவைத்தேன்.

"ம்," என்றாள். "அந்த மனுசன் அன்னிக்கே சொல்லியிருக்காரு. எனக்குத்தான் மேளச் சத்தத்துல கேக்கல."